தெருவுக்காக உழைத்தவருக்குப் பாராட்டு விழாவா? பொன்னாடை வாங்குவதற்கு முன் செய்ய வேண்டியவை

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். செய்வதாக இருந்தால் அவர் உயிரோடு இருக்கும்போதே செய்யுங்கள். கண்ணீர் அஞ்சலி போஸ்டர் என்றால் நம் ஊரில் ஒரே ராத்திரியில் காசு சேர்ந்துவிடுகிறது, விடிவதற்குள் சுவரெல்லாம் ஒட்டியும் விடுகிறோம். அதே மனிதர் நடமாடிக்கொண்டிருந்தபோது அவரை ஒரு நாற்காலியில் உட்காரவைத்து, நீங்கள் செய்ததெல்லாம் எங்களுக்கு ஞாபகம் இருக்கிறது என்று நாலு பேர் முன்னால் சொல்வதற்கு மட்டும் 'கண்டிப்பா செய்யணும் சார், பொங்கல் முடியட்டும்' என்று வருடக் கணக்கில் தள்ளிப்போடுகிறோம். எழுபத்தைந்து வயதுக்காரருக்கு அடுத்த பொங்கல் நிச்சயமில்லை. இதைப் படிக்கும்போது உங்கள் தெருவில் யாராவது ஒருவர் முகம் மனதில் வந்தால், இந்த வாரமே இரண்டு பேரைக் கூப்பிட்டுப் பேச்சை ஆரம்பித்துவிடுங்கள்.

யாரைச் சொல்கிறேன் என்று உங்களுக்கே தெரியும். குடியிருப்போர் நலச் சங்கத்தில் பல வருடம் செயலாளராக இருந்து குடிநீர் இணைப்புக்கும் மழைநீர் வடிகாலுக்கும் அலைந்தவராக இருக்கலாம். 2015 டிசம்பரில் அடையாறு பெருகி ஊருக்குள் வந்த ராத்திரி யார் வீட்டில் படுத்த படுக்கையாக ஆள் இருக்கிறார் என்று மனப்பாடமாகத் தெரிந்து வைத்திருந்தவராக இருக்கலாம். 2019 கோடையில் ஏரிகள் வற்றிக் கிடந்தபோது தண்ணீர் லாரிக்கு முன்னால் நின்று குடும்பத்துக்கு இத்தனை குடம் என்று சண்டை இல்லாமல் பிரித்துக் கொடுத்தவராக இருக்கலாம். பெரும்பாலும் இவர்களுக்குப் பதவி எதுவும் இருக்காது. எங்கள் பகுதியில் அப்படி ஓர் அக்கா. பாட்டி வயதாகிவிட்டது, ஆனால் பேரன் பேத்தி வயதுப் பிள்ளைகளும் அக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள். அவர் கையில் எப்போதும் ஒரு மஞ்சப்பை இருக்கும். உள்ளே பார்த்தால் கார்பன் தாள், கைநாட்டு வைக்க ஒரு மைப் பெட்டி, கோர்ட் ஃபீ ஸ்டாம்பு, யார் யாருடைய பாஸ்போர்ட் சைஸ் போட்டோக்களோ ரப்பர் பேண்டு போட்டு ஒரு கட்டு, அப்புறம் கசங்காமல் மடித்த மனு நகல்கள். திங்கட்கிழமை காலையில் அந்தப் பையோடு பஸ் ஸ்டாப்பில் நின்றால் கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாளுக்குப் போகிறார் என்று அர்த்தம். முதியோர் பென்ஷன், விதவைச் சான்று, ரேஷன் கார்டில் பெயர் சேர்ப்பது, இப்படி எத்தனை வீட்டுக் காகிதம் அந்தப் பையில் போய் வந்திருக்கிறது என்று யாரும் கணக்கு வைக்கவில்லை. இவருக்கு ஒரு விழா எடுக்கப் போய்க் கற்றுக்கொண்டதையும், பிற ஊர்களில் பார்த்ததையும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

முதல் வேலை: அவர் வீட்டு நிலைமையைப் பாருங்கள்

மதுரை புல்லுச்சேரி சின்னப்பிள்ளை அம்மாவை நினைவிருக்கும். களஞ்சியம் சுய உதவிக் குழுக்களைக் கட்டி எழுப்பியவர். 2001-ல் டெல்லியில் ஸ்த்ரீ சக்தி விருது கொடுத்தபோது அன்றைய பிரதமர் வாஜ்பாய் மேடையிலேயே குனிந்து அவர் காலைத் தொட்டு வணங்கினார். அந்தப் படம் நாடு முழுக்கப் பத்திரிகைகளில் வந்தது. 2019-ல் பத்மஸ்ரீயும் வந்தது. அப்படியும் 2024-ல், தனக்குத் தருவதாகச் சொன்ன வீடு இன்னும் வந்து சேரவில்லை என்று அவர் சொல்லித்தான் ஊருக்குத் தெரிந்தது, அதற்குப் பிறகுதான் மாநில அரசு வீடு கட்டித் தர உத்தரவிட்டது. நாட்டின் பிரதமர் காலைத் தொட்ட மனிதருக்கே இந்த நிலைமை என்றால் நம் தெருவில் இருப்பவர் வீட்டில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்பது நமக்கு எங்கே தெரியப் போகிறது?

அதனால் விழா பற்றி வாயே திறக்காமல் சும்மா ஒரு நாள் அவர் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து பேசுங்கள். ஊருக்கெல்லாம் விண்ணப்பம் எழுதிக் கொடுத்தவர் தனக்கு எழுதியிருக்க மாட்டார், இது நான் பார்த்தவரை எல்லா இடத்திலும் அப்படித்தான். தகுதி இருந்தும் முதியோர் உதவித்தொகைக்கு மனுப் போட்டிருக்க மாட்டார். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை பழைய முகவரியில் கிடக்கும், அல்லது கிடைத்த பிறகு எங்கே வைத்தோம் என்றே தெரியாது. கண் புரை முற்றியிருக்கும். காது மந்தமாகியிருக்கும். காது விஷயத்தைத் தனியாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதை யாருமே யோசிப்பதில்லை. மைக்கில் பத்துப் பேர் அவரைப் புகழ்ந்து பேசுகிறார்கள், அவர் பாவம் ஒன்றும் புரியாமல் பொதுவாகச் சிரித்தபடி உட்கார்ந்திருக்கிறார் என்றால் அந்த விழாவுக்கு என்ன பொருள்? விழாச் செலவில் ஒரு பகுதியை ஒதுக்கி முதலில் காது மருத்துவரிடம் அழைத்துப் போய்க் காட்டுங்கள், தேவைப்பட்டால் கருவி வாங்கிக் கொடுங்கள். புதுக் கருவி பழக கொஞ்ச நாள் ஆகும், எனவே விழாவுக்கு முந்தின வாரம் வாங்கினால் போதாது.

அவரிடம் கேளுங்கள், திடீர் சந்தோஷம் வேண்டாம்

சொல்லாமல் கூட்டிப்போய் மேடையில் ஏற்றுவது சின்னப் பிள்ளைகளின் பிறந்தநாளுக்குச் சரி. வயதானவர்களுக்கு அது பதற்றம். என்ன சேலை கட்டியிருக்கிறோம், மாத்திரை போட்டோமா, ஊரிலிருந்து தம்பியை வரச் சொல்லியிருக்கலாமே என்று அவர்களுக்கு ஆயிரம் இருக்கும்.

கேட்டால் 'எதுக்குப்பா இதெல்லாம், வேற வேலை இல்லையா' என்றுதான் முதல் பதில் வரும். அதில் கூச்சம் எவ்வளவு, உண்மையாகவே வேண்டாம் என்பது எவ்வளவு என்று கண்டுபிடிப்பது உங்கள் பொறுப்பு. வீட்டுக்காரரிடமோ மகளிடமோ தனியாகக் கேட்டால் தெரிந்துவிடும். உண்மையிலேயே மேடை பிடிக்காதவர் என்றால் மேடையை விட்டுவிடுங்கள், வீட்டுத் திண்ணையிலோ மொட்டை மாடியிலோ இருபது பேர் சேர்ந்து சாப்பிட்டாலும் அது மரியாதைதான்.

இன்னொன்றையும் கேளுங்கள்: உங்கள் பெயரில் ஏதாவது செய்வதாக இருந்தால் என்ன செய்யட்டும்? பதில் நாம் எதிர்பார்க்காத இடத்திலிருந்து வரும். மதுரை கொடிக்குளத்தில் ஆயி என்கிற பூரணம் அம்மாள் ஒரு ஏக்கர் 52 சென்ட் நிலத்தை அரசுப் பள்ளிக்கு எழுதிக் கொடுத்தபோது தன் பெயரைக் கேட்கவில்லை, இறந்துபோன மகள் ஜனனியின் பெயரை வைக்கச் சொல்லித்தான் கேட்டார். 2024 குடியரசு தின விழாவில் முதலமைச்சர் அவரைக் கௌரவித்தார். உங்கள் ஆளுக்கும் அப்படி ஒரு பெயர் மனதில் இருக்கலாம். கூட உழைத்து முன்னாலேயே போய்ச் சேர்ந்த நண்பர், கையெழுத்துப் போடக் கற்றுக்கொடுத்த ஆசிரியை, யாரோ ஒருவர். கேட்டால்தானே தெரியும்.

செய்ததையெல்லாம் எழுதி எடுங்கள்

இந்த வேலைக்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும் என்பது என் கருத்து. விழா மூன்று மணி நேரத்தில் முடிந்துவிடும். அவர் என்ன செய்தார் என்பதை எழுதி வைக்காவிட்டால் இன்னும் ஒரு தலைமுறையில் அந்தக் குழாயும் அந்த வடிகாலும் தானாக முளைத்தது மாதிரி ஆகிவிடும், அவரவர் கட்சி தன் கணக்கில் எழுதிக்கொள்ளும்.

நேரே போய் 'உங்க வாழ்க்கை வரலாறு சொல்லுங்க' என்று போனை முகத்துக்கு நேரே நீட்டாதீர்கள். ஒன்றும் வராது. நான் என்ன பெருசா செஞ்சேன் என்று முடித்துவிடுவார்கள். அவரோடு தெருவில் நடங்கள். இந்தத் தெருவிளக்கு எப்போது வந்தது, அதற்கு முன்னால் ராத்திரியில் பெண்கள் எப்படி வருவார்கள், இந்த முனையில் இருந்த கிணறு என்ன ஆனது, இந்தப் பேருந்து நிறுத்தத்துக்கு யாரிடம் போய் நின்றீர்கள் என்று பொருளைக் காட்டிக் கேட்டால் பேச்சு தானாக வரும். எங்கள் அக்காவிடம் ஒரு கைப்பம்பைப் பற்றிக் கேட்டோம், அதிலிருந்து அந்த வருடத்து இன்ஜினியர், அவரைப் பார்க்க மூன்று பெண்கள் கைக்குழந்தைகளோடு ஆபீஸ் வாசலில் உட்கார்ந்தது, அன்று மதியம் ஆபீஸ் பியூன் எல்லாருக்கும் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தது வரை வந்துவிட்டது. அந்தப் பியூன் பேரையும் ஞாபகம் வைத்திருந்தார். போனில் குரல் பதிவை ஓடவிட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள், பதிவாகிறது என்று அவருக்கும் சொல்லிவிடுங்கள்.

அடுத்து காகிதங்கள். இவர்கள் வீட்டில் பரண்மேல் ஒரு கட்டு இருக்கும். மனு நகல், ஒப்புகைச் சீட்டு, பதிவுத் தபால் ரசீது, 2005 தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்த பிறகு பத்து ரூபாய் ஸ்டாம்பு ஒட்டிக் கேட்ட கேள்விகள், அதற்கு வந்த பதில்கள். கரையான் தின்பதற்குள் ஒவ்வொன்றையும் போனிலேயே ஸ்கேன் செய்து தேதிவாரியாக அடுக்குங்கள். ஒரிஜினலைக் கடன் வாங்கிப் போனால் எண்ணி வாங்கி, எண்ணித் திருப்பிக் கொடுங்கள், அதில் அவருடைய உயிரே இருக்கிறது. மனுவின் தேதியையும் வேலை நடந்த தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு சின்னப் பாலத்துக்குப் பின்னால் எத்தனை வருடப் பிடிவாதம் இருந்தது என்று தெரியும். விழா மேடையில் 'அயராது உழைத்தார்' என்று சொல்வதைவிட அந்த இரண்டு தேதிகளைப் படித்தால் போதும், கூட்டம் தானாகக் கை தட்டும்.

மற்றவர்களிடமும் கேளுங்கள். பழைய குடித்தனக்காரர்கள், ரேஷன் கடைக்காரர், ஓய்வு பெற்ற போஸ்ட்மேன், சத்துணவு ஆயா, பக்கத்துத் தெருவிலிருந்து காலி செய்துகொண்டு போனவர்கள். அவரோடு சண்டை போட்டவர்களையும் விடாதீர்கள். பொது வேலை செய்தவருக்கு விரோதி இல்லாமல் இருக்காது, அந்த விரோதியே 'ஆனா காசு விஷயத்துல சுத்தம்' என்று சொன்னால் அதற்கு மேல் ஒரு சான்றிதழ் கிடையாது.

சேர்ந்ததை ஒரு சின்னப் புத்தகமாகப் போடுங்கள். 32 பக்கமோ 48 பக்கமோ, நடுவில் பின் அடித்தது, டிடிபி செய்யத் தெரிந்த ஒரு பிள்ளை எல்லாத் தெருவிலும் இருக்கும். எட்டின் மடங்கில் பக்கம் வைத்தால் அச்சகத்தில் தாள் வீணாகாது. ஆண்டு, இடம், மனு எண், கூட இருந்தவர்கள் பெயர் எல்லாம் வரட்டும், அடைமொழிகள் குறையட்டும். யாருடைய வீட்டுக் கஷ்டமாவது அதில் வருகிறது என்றால் அவர்களிடம் காட்டி ஒப்புதல் வாங்காமல் அச்சிடக் கூடாது. பிரதிகள் வீட்டுக்கு ஒன்று, பள்ளிக்கூடத்துக்கு, கிளை நூலகத்துக்கு, அப்புறம் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் மாதிரி இடத்துக்கும் ஒன்று அனுப்பிப் பாருங்கள். கோட்டையூர்க்காரர் ரோஜா முத்தையா செட்டியார் நோட்டீஸ், அழைப்பிதழ் என்று யாரும் சட்டை செய்யாத அச்சுக் காகிதங்களையெல்லாம் சேர்த்து வைத்ததால்தான் இன்று அது ஆய்வாளர்கள் தேடிப்போகும் இடமாக இருக்கிறது. ஒரு தெருவின் கதையும் அங்கே இருக்கத் தகுதியானதுதான்.

நாள், இடம், அனுமதி

பெரிய முகூர்த்த நாளில் வைத்தால் பாதிப் பேர் கல்யாணத்துக்குப் போய்விடுவார்கள். மார்ச், ஏப்ரலில் பரீட்சை, மைக் போட்டால் பிள்ளைகளுக்குத் தொந்தரவு. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை மழை. ஜனவரிக் கடைசியும் பிப்ரவரியும் எனக்குப் பிடித்த காலம். ஞாயிறு சாயங்காலம் ஐந்துக்கு ஆரம்பித்து எட்டுக்குள் முடித்துவிடுங்கள், வயதானவர் சாப்பிட்டு மாத்திரை போட்டுத் தூங்க வேண்டும்.

கிராமமாக இருந்தால் இன்னொரு நல்ல வழி இருக்கிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்துக்கு ஆறு கிராம சபை கூடுகிறது. அதில் அவருக்கு நன்றி தெரிவித்து ஒரு தீர்மானம் கொண்டு வாருங்கள். தீர்மானப் புத்தகத்தில் ஏறிவிட்டால் அது ஊரின் ஆவணம், பொன்னாடையைவிட நீண்ட நாள் நிற்கும். நகரங்களிலும் 2022-லிருந்து பகுதி சபை என்று ஒன்று இருக்கிறது, கவுன்சிலரிடம் பேசி அங்கேயும் இதைச் செய்யலாம்.

தெருவை மறித்துப் பந்தல் போடுவதாக இருந்தால் போலீஸ் ஸ்டேஷனில் முன்கூட்டியே எழுதிக் கொடுத்து அனுமதி வாங்குங்கள், இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பது சட்டம். ஆம்புலன்ஸ் போக வழி இருக்க வேண்டும். என்னைக் கேட்டால் மாநகராட்சிப் பள்ளி வளாகமோ சமுதாய நலக்கூடமோ போதும். ஃப்ளெக்ஸ் பேனர் வேண்டவே வேண்டாம். 2019 செப்டம்பரில் பள்ளிக்கரணையில் அனுமதியில்லாமல் வைத்த பேனர் சரிந்து ஸ்கூட்டரில் போன இளம்பெண் ஒருவர் இறந்தார், அதை இன்னும் மறக்க முடியவில்லை. ஊருக்கு வழி அமைத்துக் கொடுத்தவரின் படத்தை ஊர் நடக்கும் வழியில் கட்டி மறைப்பது எந்த விதத்திலும் பொருந்தாது. வீட்டு வீட்டுக்கு ஆள் போய் அழைத்துவிட்டு வரட்டும்.

மேடை

பல விழாக்கள் கெட்டுப்போவது இங்கேதான். யாருக்காக விழா என்று வந்தோமோ அவர் ஓரத்து நாற்காலியில் இருப்பார், நடுவில் சிறப்பு விருந்தினர் இருப்பார், சிறப்பு விருந்தினர் வரும்வரை ஒன்றரை மணி நேரம் எல்லாரும் காத்திருப்போம். வந்தவுடன் அவருக்கு மாலை, அவரோடு வந்தவர்களுக்குப் பொன்னாடை, அவர் பேசிவிட்டு வேறு நிகழ்ச்சி என்று கிளம்ப, கூட்டத்தில் பாதி அவரோடேயே வாசல்வரை போய்விடும். கடைசியில் நம் ஆள் காலி நாற்காலிகளைப் பார்த்து ஏற்புரை சொல்வார். இதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன், வயிறு எரியும்.

எனவே சில விஷயங்களை முன்பே முடிவு செய்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நடு நாற்காலி அவருக்கு, பக்கத்தில் கணவர் அல்லது மனைவி. இத்தனை வருடம் அவர் வெளியே அலைந்தபோது வீட்டைப் பார்த்துக்கொண்டது யார்? அவர்களையும் மேடையில் பெயர் சொல்லி அழைத்து நன்றி சொல்ல வேண்டும். கவுன்சிலரையும் எம்.எல்.ஏ.வையும் கூப்பிடுங்கள், அவர்கள் மூலம் நடக்க வேண்டிய வேலை நாளைக்கும் இருக்கிறது. ஆனால் எல்லாக் கட்சியினருக்கும் ஒரே மாதிரி அழைப்பு, கட்சித் துண்டு மேடைக்கு வேண்டாம், ஐந்து மணி என்றால் ஐந்து மணிக்குத் தமிழ்த்தாய் வாழ்த்தோடு ஆரம்பித்துவிடுவோம் என்பதை அழைக்கும்போதே பணிவாகச் சொல்லிவிடலாம். சொன்னால் புரிந்துகொள்பவர்கள்தான் அதிகம்.

பேச்சாளர்கள் ஆறேழு பேர் போதும், ஆளுக்கு மூன்று நிமிடம். அவரால் பயன் பெற்றவர்களைப் பேசவைப்பது நல்லதுதான், ஆனால் ஜாக்கிரதை. 'எங்க வீட்டுக்காரர் குடிச்சுட்டு அடிச்சப்போ அக்காதான் வந்து...' என்று ஒரு பெண் மேடையில் அழுதுவிட்டால் மறுநாள் அந்தத் தெருவில் அவர் எப்படி நடப்பார்? யார், எதைப் பேசுவது என்று முன்னாலேயே உட்கார்ந்து பேசிக்கொள்ளுங்கள். பொதுவில் சொல்லக்கூடியதைச் சொல்லட்டும், மற்றதை ஒரு கடிதமாக எழுதி உறையில் போட்டு அவர் கையில் கொடுக்கட்டும். எழுதத் தெரியாதவர்களுக்கு ஒரு கல்லூரிப் பிள்ளை எழுதிக் கொடுக்கலாம். நாங்கள் அப்படி ஒரு தகர டப்பாவில் கடிதங்கள் சேர்த்துக் கொடுத்தோம், அக்கா இன்றைக்கும் அந்த டப்பாவை யாரையும் தொட விடுவதில்லை.

ஏற்புரையைக் கடைசியில் வைக்காதீர்கள், நடுவிலேயே வைத்துவிடுங்கள். கூட்டம் முழுதாக இருக்கும்போது, அவருக்குக் களைப்பு வராத நேரத்தில் பேசட்டும், உட்கார்ந்தே பேசலாம் என்றும் சொல்லிவிடுங்கள். அவர் நேரம் எடுத்துக்கொண்டால் எடுத்துக்கொள்ளட்டும், துண்டுச்சீட்டு அனுப்ப வேண்டிய ஆள் அவர் இல்லை. சாதிப் பெயரைச் சேர்த்து அழைப்பதும், 'எங்க சமுதாயத்துக்குப் பெருமை' என்று சுருக்குவதும் மேடையில் நடக்காமல் பார்த்துக்கொள்வது தொகுப்பாளரின் பொறுப்பு. அவர் எல்லார் வீட்டு வாசலுக்கும் போனவர்.

என்ன கொடுப்பது

பொன்னாடை ஒன்றே ஒன்று போதும், தெருவில் மூத்தவரோ சின்னக் குழந்தையோ போர்த்தட்டும். ஆளாளுக்கு ஒன்று கொண்டுவந்தால் அடுக்கி வைக்கக்கூட அவர் வீட்டில் இடம் இருக்காது. 2021-ல் முதலமைச்சரானதும் ஸ்டாலின் பூங்கொத்து, பொன்னாடைக்குப் பதில் புத்தகம் கொடுங்கள் என்று கேட்டுக்கொண்டாரே, அதை நாமும் பின்பற்றலாம், வந்த புத்தகங்களைக் கிளை நூலகத்துக்கோ பள்ளிக்கோ அவர் பெயரில் கொடுத்துவிடலாம்.

கேடயத்தைவிட எனக்குப் பிடித்தது தபால் துறையின் மை ஸ்டாம்ப். தலைமைத் தபால் நிலையத்தில் அஞ்சல்தலைப் பிரிவில் போட்டோவும் அடையாளச் சான்றும் கொடுத்தால் அவர் முகம் போட்ட தபால்தலைகள் 12 கொண்ட தாள் கிடைக்கும், 300 ரூபாய்தான். வாழ்நாளெல்லாம் மனுவுக்கு ஸ்டாம்பு ஒட்டியவருக்கு இதைவிட என்ன வேண்டும்? அடுத்த மனுவைத் தன் முகம் ஒட்டியே அனுப்பலாம்.

பணமுடிப்பு கொடுப்பதாக இருந்தால் மேடையில் தொகையைச் சொல்லாதீர்கள். வங்கிக் கணக்கில் போட்டுவிட்டுக் குடும்பத்தில் ஒருவரிடம் சொல்லுங்கள். கையில் கொடுத்தால் அன்று ராத்திரியே யாருக்காவது ஃபீஸ் கட்டக் கொடுத்துவிடுவார், அதுவும் உங்களுக்குத் தெரிந்ததுதானே. தனக்கு வேண்டாம் என்று உறுதியாக மறுத்தால் அந்தப் பணத்தை அவர் பெயரில் வேறு நல்லதற்குத் திருப்பலாம். கிளை நூலகத்தில் 1,000 ரூபாய் கட்டினால் புரவலராகச் சேர்க்கலாம். அரசுப் பள்ளிக்கு 'நம்ம ஸ்கூல் நம்ம ஊர்ப்பள்ளி' திட்டம் வழியாகக் கொடுக்கலாம். பெரிதாகச் சேர்ந்தால் 'நமக்கு நாமே' திட்டம் இருக்கிறது, செலவில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கை மக்கள் கட்டினால் மீதியை அரசு போட்டுப் பூங்காவோ பள்ளிக் கட்டடமோ வேலை நடக்கும்.

விருதும் தெருப் பெயரும்

பத்ம விருதுக்கு யார் வேண்டுமானாலும் யாரையும் பரிந்துரைக்கலாம், சிபாரிசு எதுவும் வேண்டாம். உள்துறையின் ராஷ்ட்ரிய புரஸ்கார் இணையதளத்தில்தான் போட வேண்டும், பணியை விளக்கி 800 வார்த்தைக்குள் எழுத வேண்டும். மேலே சொன்ன புத்தக வேலையைச் செய்திருந்தால் இந்த 800 வார்த்தை ஒரு மாலை வேலை. கடைசித் தேதி வருடத்துக்கு வருடம் மாறுகிறது, மார்ச்சிலிருந்தே பார்த்துக்கொண்டிருங்கள். பொதுவாக மறைந்தவர்களுக்குக் கொடுப்பதில்லை, மிகத் தகுதியானவர்கள் என்றால் விதிவிலக்கு உண்டு. கிடைத்தாலும் அதைப் பெயருக்கு முன்னாலோ பின்னாலோ பட்டமாகப் போட்டுக்கொள்ளக் கூடாது. பெண்களாக இருந்தால் மார்ச் 8-ஐ ஒட்டித் தமிழ்நாடு அரசு கொடுக்கும் அவ்வையார் விருதுக்கும், ஆகஸ்ட் 15-ல் பெண்கள் முன்னேற்றத்துக்கு உழைத்த சமூக சேவகருக்குக் கொடுக்கும் விருதுக்கும் போடலாம், மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் விசாரியுங்கள். விண்ணப்பித்திருக்கிறோம் என்று அவரிடம் சொல்லி ஆசை காட்ட வேண்டாம். வந்தால் வரட்டும்.

தெருவுக்குப் பெயர் வைப்பது பலருக்கும் உடனே தோன்றும் யோசனை. நாமாகப் பலகை அடித்து நட்டுவிட முடியாது, உள்ளாட்சி மன்றத்தில் தீர்மானம் வர வேண்டும், அரசு அனுமதிவரை போக வேண்டியிருக்கும். தெருக்காரர்கள் கையெழுத்தோடு மனு, அவர் பணி பற்றிய சுருக்கம், கவுன்சிலரின் ஆதரவு மூன்றும் சேர்ந்தால் நகரும். ஒன்றை யோசித்துக்கொள்ளுங்கள், தெருப் பெயர் மாறினால் ஆதாரிலிருந்து கேஸ் இணைப்புவரை எல்லா வீட்டிலும் முகவரி மாற்ற அலைய வேண்டும், அந்த அலைச்சலைக் குறைக்கத்தானே அவர் ஆயுசு முழுக்க நடந்தார். புதிதாகக் கட்டும் பூங்கா, படிப்பகம், பேருந்து நிழற்குடை இவற்றுக்குப் பெயர் கேட்பது எளிது, யாருக்கும் சிரமமும் இல்லை.

அவர் பையை யார் தூக்குவது

விழா முடிந்து மறுநாள் காலையிலும் அவர் வீட்டு வாசலில் யாராவது ஒரு பேப்பரோடு நிற்பார்கள். எழுபத்தைந்து வயதில் இன்னும் அவரே பஸ் ஏறிக்கொண்டிருந்தால் நாம் செய்தது பாதி வேலைதான். அதனால் விழாவுக்கு முன்பே நாலைந்து பேரைப் பிடித்து வேலையைப் பிரித்துக்கொள்ளுங்கள். இ-சேவை மையத்துக்குக் கூட்டிப்போக ஒருவர், ஆஸ்பத்திரித் துணைக்கு ஒருவர், மனு எழுத ஒருவர், மழைக்காலத்தில் வடிகால் பார்க்க ஒருவர். கொஞ்ச நாள் அவர்கூடவே போய் எந்த ஆபீசில் எந்த மேஜை, யாரிடம் எப்படிப் பேசினால் கேட்பார்கள், எந்தக் காகிதம் இல்லாவிட்டால் திருப்பி அனுப்புவார்கள் என்பதையெல்லாம் கற்றுக்கொள்ள வேண்டும். இது எந்த இணையதளத்திலும் இல்லாத படிப்பு. அவரை ஒரேயடியாக ஓய்வெடுங்கள் என்று சொல்லிவிடாதீர்கள், மனிதர்கள் உடைந்துபோவார்கள். வாரத்தில் ஒரு நாள் எல்லாரும் அவர் வீட்டில் கூடிக் கணக்குச் சொல்லுங்கள், யோசனை கேளுங்கள். விழா மேடையில் இந்த நாலைந்து பேரையும் நிறுத்தி, யாருக்கு என்ன பொறுப்பு என்று போன் நம்பரோடு அறிவியுங்கள். எங்கள் அக்கா அன்று அழுதது அந்த ஒரு நேரத்தில்தான்.

நீங்கள் ஏற்பாடு செய்வதற்குள் அவர் போய்விட்டார் என்றால் பதினாறாம் நாளிலோ ஒரு மாதம் கழித்தோ நினைவேந்தல் வையுங்கள். படத்திறப்பு, இரண்டு நிமிட மௌனம், அதோடு நிறுத்தாமல் மேலே சொன்ன எழுத்து வேலையையும் பொறுப்புப் பிரிப்பதையும் அப்போதும் செய்யலாம். குடும்பத்தாரிடம் அந்தக் காகிதக் கட்டைப் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிட வேண்டாம் என்று முதல் வாரத்திலேயே சொல்லி வையுங்கள், வீடு காலி செய்யும் அவசரத்தில் அதுதான் முதலில் போகும்.

கடைசியாகக் கணக்கு. வசூல் எவ்வளவு, மைக் செட், நாற்காலி, டீ, போண்டா, அச்சுச் செலவு எவ்வளவு, மீதி எவ்வளவு என்று ஒரு வாரத்துக்குள் ஒரு தாளில் எழுதி ரசீதுகளோடு ரேஷன் கடைப் பக்கத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள், தெரு வாட்ஸ்அப் குழுவிலும் போடுங்கள். ஒரு நகலை அவரிடமும் கொடுங்கள், கூட்டிப் பார்க்காமல் விட மாட்டார்.